செபூர் சார்கோ: தண்டனைக்கு அப்பால் ஒரு நீதி

1982ஆம் ஆண்டு, குவாத்தமாலாவின் உள்நாட்டுப் போர்க்காலத்தில், செபூர் சார்கோ என்னும் சிற்றூரில் இராணுவ முகாம் அமைந்தது. தாம் உழுத நிலத்திற்கு உரிமைப்பத்திரம் கோரிய கெக்சி இன உழவர்கள் முதலில் காணாமலாக்கப்பட்டனர். பின்னர் அவர்தம் மனைவியர் முறைவைத்து முகாமிற்கு அழைக்கப்பட்டனர். சமைக்கவும் சீருடை துவைக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டு, தொடர்ந்து வன்புணர்வுக்கு ஆளாயினர்.

2011இல் அப்பெண்கள் முறையிட்டனர். 2016 பிப்ரவரி 26 அன்று, முன்னாள் இராணுவ அதிகாரி ஒருவருக்கு 120 ஆண்டுகளும், இராணுவத்தின் உள்ளூர் ஆணையராக இருந்தவருக்கு 240 ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. போர்க்காலப் பாலியல் அடிமைமுறையை, அது நிகழ்ந்த நாட்டின் நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்த முதல் வழக்காக இது கருதப்படுகிறது.

தமக்கு நேர்ந்ததைக் கூற அப்பெண்கள் கையாண்ட தாய்மொழிச் சொல் 'முஷுக்'. புனிதமானதைக் களங்கப்படுத்துதல் என்பது அதன் பொருள். 'வன்புணர்வு' என்னும் சட்டச்சொல் உடல்மீது நிகழ்ந்த குற்றத்தைச் சுட்டும். 'முஷுக்' சுற்றத்தோடும் ஊரோடும் இருந்த உறவு குலைந்ததையும் சேர்த்தே சுட்டும்.

இத்தகைய இழப்பைப் பணத்தால் மட்டும் ஈடுசெய்ய இயலாது. 2005இல் ஐ.நா. பொதுப்பேரவை ஏற்ற நெறிமுறைகள் மீட்டளித்தல், இழப்பீடு, மறுவாழ்வு, மனநிறைவளித்தல், மீண்டும் நிகழாமைக்கான உறுதி என ஐந்து வகைகளை வகுத்ததன் காரணமும் இதுவே. குவாத்தமாலா நீதிமன்றம் ஆணையிட்ட 18 நடவடிக்கைகளுள் மருத்துவ நிலையம், பள்ளி, நிலக்கோரிக்கையை மீளத் தொடர்தல், தீர்ப்பை மாயா மொழிகளில் பெயர்த்தல் ஆகியன அடங்கும்.

தண்டனை உடனே நடைமுறைக்கு வந்தது; நிலத்திற்கான காத்திருப்போ ஆண்டுகளாக நீண்டது. தீர்ப்புக்குப் பின்னும் அம்மூதாட்டியர் அலுவலகப் படிகளை ஏறியவண்ணம் இருந்தனர். ஈடு செய்யும் கடமையை அரசு நிறைவேற்றாதவரை, தீர்ப்பு நீதியின் முதற்பாதி மட்டுமே.