இருப்பிடமும் பிறப்பிடமும்: கடற்பஞ்சின் இரசாயனங்களைப் பற்றிய ஒரு வழக்கு

மன்னார் வளைகுடாவின் கடற்பஞ்சுகளைப் பற்றி நம் நாட்டில் வெளிவரும் கட்டுரைகளில், முன்னுரைகள் எவ்வளவு வேறுபட்டாலும், முடிவுரை பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் வந்து நிற்கிறது. பஞ்சைத் துண்டாக்கி அரைத்து அகார்த் தட்டில் தடவியபோது முளைத்து வந்த பாக்டீரியா, நோய்க்கிருமியின் வளர்ச்சியைத் தடுத்துத் தன்னைச் சுற்றித் தெளிந்த வட்டம் ஒன்றை உண்டாக்கிற்று. ஆகவே அந்தப் பஞ்சின் மருந்துக் குணத்துக்கு அந்தப் பாக்டீரியாவே கர்த்தா என்பது அந்த முடிவு. வட்டத்தை நான் மறுக்கவில்லை; 'ஆகவே' என்னும் சொல்லையே மறுக்கிறேன்.

கடற்பஞ்சு ஓயாமல் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள பாக்டீரியாக்களை வடித்து உண்டு ஜீவிக்கும் பிராணி. அதே பிராணி தன் உடலின் இடைத்திசுவில் வேறு பாக்டீரியாக்களைக் குடிவைத்தும் காக்கிறது. சில இனங்களில் இக்குடிகளின் கனம் உடற்கனத்தில் மூன்றிலொரு பங்கையும் எட்டும். எனவே தட்டில் முளைத்தது பஞ்சின் நேற்றைய ஆகாரமா, நெடுநாளைய உடன்வாழியா என்பதைத் தட்டைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அன்றியும் இக்குடிகளில் மிகப் பெரும்பாலானவை எந்தத் தட்டிலும் வளர இன்றளவும் இணங்கவில்லை.

இந்த 'ஆகவே'யின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், கடல் இரசாயன ஆய்வாளர் ஃபாக்னரின் குழுவினர் 1996-இல் வெளியிட்ட சிறு கட்டுரையொன்றில் போய் நிற்போம். பலாவ் தீவுக் கடலில் எடுத்த தியோனெல்லா சுவின்ஹோயி என்னும் பஞ்சின் மேற்றோலையும் உட்பகுதியையும் வேறாக்கி, செல்களை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் என்ன இரசாயனம் இருக்கிறதென்று அவர்கள் தனித்தனியே சோதித்தனர். சுவின்ஹோலைடு என்னும் நஞ்சு ஒற்றைச் செல் பாக்டீரியாக்களின் பகுதியில் கிடைத்தது. தியோபலவமைடு என்னும் பெப்டைடு இழைவடிவப் பாக்டீரியாக்களின் பகுதியில் கிடைத்தது. சுவின்ஹோலைடை உண்டாக்குவது மேற்றோலிலுள்ள நீலப்பச்சைப் பாசியாகவே (அதுவும் பாக்டீரியா இனமே) இருக்கும் என்று அதுவரை ஊகித்திருந்தார்கள். அந்தப் பாசியில் அப்பொருளே காணப்படவில்லை. அக்கட்டுரையின் தலைப்பு, இவ்விரு வகைப் பொருள்களும் வெவ்வேறு பாக்டீரியாக் கூட்டங்களில் நிலைகொண்டுள்ளன என்று மட்டுமே கூறுகிறது. உற்பத்தியாகின்றன என்று கூறவில்லை. அந்த நிதானத்தைப் பின்வந்தவர்கள் கைவிட்டார்கள். பிரத்தியட்சத்தில் கண்டது இருப்பு. அதிலிருந்து அனுமானித்தது பிறப்பு. இரண்டுக்கும் இடையே பிரியாத சம்பந்தம் உண்டென்பதை எவரும் நிறுவிக் காட்டவில்லை. நம் தருக்க நூலார் புகையைக் கண்டு நெருப்பை அனுமானித்தது உண்மையே. ஆயினும் கூரையிடுக்கில் தங்கி நிற்கும் புகையைக் கண்டு கூரையிலேயே அடுப்பைத் தேடுமாறு அவர்கள் கூறவில்லை.

பின்னர் நடந்தவை இந்த ஐயத்தை வளர்த்தனவே தவிரத் தணிக்கவில்லை. கடலில் தனித்து வாழும் சிம்புளோக்கா என்னும் நீலப்பச்சைப் பாசியின் திரளிலிருந்து 2005-இல் சுவின்ஹோலைடு கிடைத்தது. கடலில் அள்ளிய பாசித் திரளும் ஒரு கலவைதானே என்று கேட்பது நியாயம். அக்கேள்விக்கு விடையாக, நிலத்தில் வாழும் நாஸ்டாக் பாசியின் ஓர் இனத்தில் அப்பொருளுக்குரிய மரபணுத் தொகுதியே 2018-இல் அறியப்பட்டது. 1996-இன் சோதனை விடுதலை செய்தனுப்பிய நீலப்பச்சைப் பாசிக் குலம், ஆற்றலற்ற குலமன்று என்பது இதனால் வெளியாயிற்று. மறுபக்கத்தில், 2014-இல் பியல் என்னும் ஆய்வாளரின் குழுவினர் ஜப்பானியக் கடலில் எடுத்த மஞ்சள் நிறத் தியோனெல்லாவை ஆராய்ந்து, அதன் பாலிகீட்டைடுகள், பெப்டைடுகள் ஆகியவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் உரிய மரபணுக்கள் என்டோதியோனெல்லா என்னும் இழைவடிவ உடன்வாழியிடமே இருப்பதைக் காட்டினார்கள். சுவின்ஹோலைடுக்கு மிக நெருங்கிய உறவான மிசாகினோலைடும் அத்தகைய இழையின் ஆக்கமே என்று 2015-இல் கருதப்பட்டது. பலாவின் பஞ்சிலும் இழையே சுவின்ஹோலைடைச் சமைத்து, அது ஒற்றைச் செல்களில் போய்ச் சேர்ந்திருக்கலாமா என்று கேட்டால், அவ்வாறே என்று அறுதியிட்டுச் சொல்ல நான் துணியேன். அவ்வாறு இராது என்று சொல்ல 1996-இன் சோதனைக்கு வலிமையில்லை என்பதை மட்டும் துணிந்தே சொல்வேன்.

இதனால் இருப்பிடச் சாட்சியம் முற்றும் பொய் என்பதன்று. டிசிடியா ஹெர்பேசியா என்னும் பஞ்சில் குளோரின் ஏறிய பெப்டைடுகள் நீலப்பச்சைப் பாசியின் இழைகளிலும், டெர்பீன்கள் பஞ்சின் சொந்தச் செல்களிலும் இருப்பதை 1993-இல் கண்டார்கள்; மறு ஆண்டு அப்பாசியிலேயே கண்ட புரோமின் ஏறிய பொருள்களின் உற்பத்தி மரபணுக்கள், 2017-இல் அதே பாசியினிடத்தில் உறுதிப்பட்டன. டெர்பீன்களும் பாக்டீரியாக்களின் கொடையே என்று சாதித்துவந்தோர்க்கு விடை 2023-இல் வந்தது: வேறு சில கடற்பஞ்சுகளின் சொந்த மரபணுக்களிலேயே டெர்பீனை வார்க்கும் நொதிகள் உண்டென்று கண்டு, அவற்றை அயல் நுண்ணுயிரில் இயங்கச் செய்தும் காட்டினார்கள்.

சோழவந்தானின் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்தவர்க்கு இந்த வேறுபாடு விளங்காமற் போகாது. வெற்றிலைக்கொடி அகத்தியைப் பற்றி ஏறுகிறது. அகத்தியின் வேர்முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. இலையின் காரம் கொடியின் ஆக்கம்; அதன் பசுமைக்கு உதவிய சத்தில் ஒரு பங்கு முடிச்சின் உபகாரம். கொடியையும் மரத்தையும் மண்ணையும் ஒரே உரலில் இட்டு இடித்துவிட்டு, இடித்த சாற்றில் காரத்துக்கு உரியவர் யாரென்று தேடினால் கிடைப்பாரா?

பயன் கிடைத்தால் போதும், கர்த்தா யாராயினும் ஆகட்டும் என்பாருக்கு நான் நெடுவிடை கூற வேண்டியதில்லை. ஹாலிகாண்டிரின் என்னும் மருந்துப்பொருள் வேண்டி நியூசிலாந்துக் கடலில் ஒரு டன் பஞ்சை வாரியும் கிடைத்தது ஏறக்குறைய 300 மில்லிகிராமே. கர்த்தாவைப் பிழைபட அறிந்தால், தொட்டி தொட்டியாகத் தவறான பாக்டீரியாவை வளர்த்து ஏமாந்த பின், மீண்டும் பவளத்திட்டுகளைச் சுரண்டவே வந்து நிற்போம்.

முத்துச்சிப்பிப் படுகைகளின் பஞ்சுகளை டெண்டி 1905-இல் விவரித்தார். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலுமாக 275 இனங்களை 1980-களில் பி. ஏ. தாமஸ் தொகுத்தளித்தார். பெயர்ப்பட்டியல் நம்மிடம் உண்டு. வழக்கைத் தீர்க்கும் முறைதான் இன்னும் பழக்கமாகவில்லை. பொருள் எந்தச் செல்லில் இருக்கிறதென்று காண்பது முதற்படி. அதற்குரிய மரபணு எவரிடத்தில் என்று காண்பது இரண்டாம் படி. அம்மரபணு அயற்செல்லில் அதே பொருளைத் தருகிறதா என்று காண்பது மூன்றாம் படி. மூன்றும் ஏறி முடிக்கும்வரை, பாக்டீரியா உண்டாக்கியது என்று எழுதாமல், பஞ்சிலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதுவதே நமக்கு அழகு.