லிப்ட்ஸே: ஒரு சபையின் இரு முகங்கள்

போலந்தின் நடுப்பகுதியில் உள்ள சிறிய கிராமப்புறக் க்மினா, லிப்ட்ஸே ரெய்மோன்டோவ்ஸ்கியே. சில சிற்றூர்கள் சேர்ந்த உள்ளாட்சி அலகைப் போலந்தில் க்மினா என்பர். இப்பெயரின் பின்பாதி 1983இல் ஓர் எழுத்தாளரின் நினைவாகச் சேர்க்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வார்சா - வியன்னா ரயில்பாதையின் எளிய ஊழியராக இப்பகுதியில் வாழ்ந்தவர் விளாதிஸ்லாவ் ரெய்மோன்ட். லிப்ட்ஸேயைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய 'குடியானவர்கள்' 1904 முதல் 1909 வரை நான்கு பாகங்களாக வெளிவந்தது. 1924இல் நோபல் பரிசையும் பெற்றுத் தந்தது.

அந்நாவலின் பின்னணியில் 1864ஆம் ஆண்டு இருக்கிறது. அப்போது இப்பகுதி ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. 1863இல் வெடித்த எழுச்சியில் போலந்துப் பிரபுக்கள் முன்னின்றனர். அவர்களிடமிருந்து குடியானவர்களைப் பிரிக்க எண்ணிய ஜார் இரண்டாம் அலெக்சாண்டர், உழுத நிலத்தை உழுதவருக்கே உரிமையாக்கினார். க்மினா சபைகளையும் புதிதாக அமைத்தார். குறைந்தது 3 மோர்க், அதாவது ஏறத்தாழ 4 ஏக்கர் நிலம் உள்ளவருக்கே அங்கு வாக்கு.

அரசு தந்த கருவி அரசுக்கு எதிராகவே திரும்பியது. 1904-1905இல் பல க்மினா சபைகள், அலுவலகத்திலும் பள்ளியிலும் ரஷ்ய மொழிக்குப் பதிலாகப் போலிஷ் வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றின. பேரரசின் முன் குடியானவன் குரலெழுப்பிய இடம் அது.

ஆயினும் ரெய்மோன்ட் ஊர்க்கூட்டத்தைத் துதிபாடவில்லை. பண்ணையார் விற்ற காட்டைக் காக்க ஊரே திரண்டு போரிடுகிறது. ஆண்கள் சிறை சென்றபின் பெண்கள் நிலத்தைச் சுமக்கிறார்கள். அதே ஊர்தான் இறுதியில் யாக்னா என்ற பெண்ணைச் சாணவண்டியில் ஏற்றித் துரத்துகிறது. க்மினாப் பணத்தைக் கையாடியவர் அதன் தலைவர், பழியோ அவளுக்கு. அவளை நேசித்த அன்டெக்கும் ஊரோடு நின்றுவிடுகிறான். காட்டுக்காக எழுந்த ஒற்றுமையும் இக்கொடுமையும் வேறுவேறல்ல என்பதே நாவலின் கசப்பான உண்மை.

1954இல் கலைக்கப்பட்ட கிராமப்புறக் க்மினாக்கள் 1973இல் மீண்டன. 1990இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களுடன் தன்னாட்சியும் பெற்றன. இன்று வாக்களிக்க நிலம் தேவையில்லை. பெண்ணுக்கும் கூலியாளுக்கும் உரிமை உண்டு. சட்டம் அவ்வளவுதான் செய்ய இயலும். ஊர் ஒன்றுகூடும்போது யாரைக் காக்கிறது, யாரைப் பலியிடுகிறது என்ற கேள்வியை அது தீர்ப்பதில்லை. அக்கேள்வியை எழுப்பியவரின் பெயரையே லிப்ட்ஸே தன் பெயரோடு தாங்கி நிற்கிறது.