பயிற்சி முன்னே, ஆய்வு பின்னே: சின்சினாட்டி அவசர மருத்துவத் துறையின் வழித்தடம்

1960-களின் தொடக்கம் வரை அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு உரிமையாளர் என்று யாரும் இல்லை. அன்று முறை யாருக்கோ அவர் பார்ப்பார். கண் மருத்துவரோ தோல் மருத்துவரோ மாரடைப்பு நோயாளியை எதிர்கொள்ள நேர்ந்த காலம் அது. 1961-இல் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா மருத்துவமனையில் ஜேம்ஸ் மில்ஸும் அவருடைய சக மருத்துவர்களும் சொந்த கிளினிக்குகளை விட்டுவிட்டு, அவசரப் பிரிவையே முழுநேரப் பணியாக ஏற்றார்கள். 1966-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, விபத்து மரணங்களை நவீன சமூகம் கண்டுகொள்ளாத நோய் என்று சாடியது. 1968-இல் அவசர மருத்துவர்களுக்கென ஒரு சங்கம் உருவாயிற்று. ஆனால் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஓர் இடம் இன்னும் இல்லை.

அந்த இடம் 1970-இல் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் அமைந்தது. புரூஸ் ஜேனியாக் என்ற இளம் மருத்துவர் அங்கே அவசர மருத்துவத்தின் முதல் முதுநிலைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார்; 1972-இல் பயிற்சியை முடித்தார். வகுப்பில் ஒரே ஆள். இந்தத் துறைக்கெனத் தேர்ச்சி பெற்ற ஆசிரியர் என்று ஒருவரும் அப்போது இருந்திருக்க முடியாது. பிற துறையினரிடம் துண்டு துண்டாகக் கற்றதை அவசரப் பிரிவில்தான் ஒன்றுசேர்க்க வேண்டியிருந்தது. 1971-இல் தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தனித்துறையே எழுந்தது. அதன் முதல் தலைவர் கெயில் ஆண்டர்சன் மகப்பேறு மருத்துவர்.

மற்ற துறைகள் இதை எளிதில் ஏற்கவில்லை. உங்களுக்கென்று ஓர் உறுப்பு உண்டா, ஒரு நோய் உண்டா, தனி ஆய்வு உண்டா என்ற கேள்விகள் எழுந்தன. கடைசிக் கேள்வியில் நியாயம் இருந்தது. 1977-இல் சிறப்புத் துறை அங்கீகாரம் மறுக்கப்பட்டது. 1979-இல் வரம்புகளுடன் கிடைத்தது. முழுத் தகுதி வர 1989 ஆயிற்று. இடையில் அவசர மருத்துவர்கள் செய்த ஒரு காரியத்தை வரலாற்றாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். தங்கள் தகுதித் தேர்வு உண்மையிலேயே பயிற்சி பெற்றவரையும் பெறாதவரையும் பிரித்துக் காட்டுகிறதா என்று, அங்கீகாரம் வருவதற்கு முன்பே மிச்சிகனில் சோதித்துப் பார்த்தார்கள். பயிற்சியையே ஆய்வுப் பொருளாக்கிய துறை இது.

நோயாளியைப் பற்றிய ஆய்வு தழைத்தது அதற்குப் பிறகுதான். அதற்கும் சின்சினாட்டியே நல்ல சான்று. மூளையின் ரத்தக்குழாய் அடைபட்டு வரும் பக்கவாதத்துக்கு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டா என்று நரம்பியலாளர்கள் கேட்டார்கள். நோயாளி வார்டுக்கு வந்துசேர்வதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். அவசரப் பிரிவு வாசலிலேயே ஆய்வு தொடங்கினால்தான் உண்டு. நரம்பியலாளர் தாமஸ் பிராட்டுடன் அவசர மருத்துவர் வில்லியம் பார்சன் கைகோத்தது இந்தக் கட்டாயத்தால்தான். 1995-இல் வெளியான தேசிய ஆய்வில் 624 நோயாளிகள். அனைவருக்கும் நோய் கண்ட 3 மணி நேரத்துக்குள் சிகிச்சை. மருந்து பெற்றவர்களில் கூடுதலானோர் ஊனமின்றித் தேறினார்கள். அவர்களில் 6.4 விழுக்காட்டினருக்கு அறிகுறிகளுடன் கூடிய மூளை ரத்தக்கசிவு ஏற்பட்டது. மருந்து பெறாதவர்களில் இது 0.6. பலனும் ஆபத்தும் சேர்ந்தே வந்தன.

அடுத்து எழுந்தது நடைமுறைச் சிக்கல். பக்கவாதம் என்று ஆம்புலன்ஸ் பணியாளர் அடையாளம் கண்டு சொல்லாவிட்டால் 3 மணி நேரம் எப்படிப் போதும்? நரம்பியலாளர்களின் நீண்ட மதிப்பீட்டுப் படிவத்தை வண்டியில் வைத்து நிரப்ப முடியாது. சின்சினாட்டி அவசர மருத்துவர்கள் 1997-இல் அதை மூன்று சோதனைகளாகச் சுருக்கினார்கள். சிரிக்கச் சொல், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா பார். கண்ணை மூடிக் கைகளை நீட்டச் சொல். ஒரு கை தாழ்கிறதா பார். ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொல். நாக்கு குழறுகிறதா கேள். மூன்றில் ஒன்று தவறினாலே பக்கவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். 1999-இல் மருத்துவர் கணிப்பையும் ஆம்புலன்ஸ் பணியாளர் கணிப்பையும் ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள்.

நினைவிழந்தவரிடம் ஆய்வுக்கு ஒப்புதல் பெறுவது எப்படி என்ற கேள்வியும் இருந்தது. 1996-இல் அமெரிக்க விதி வழிவிட்டது: அந்த ஊர் மக்களிடம் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும், ஆய்வைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும், நோயாளிக்கோ குடும்பத்துக்கோ இயன்றவரை விரைவில் தெரிவிக்க வேண்டும். வலிப்பை நிறுத்தும் மருந்தை ஆம்புலன்ஸிலேயே தசையில் ஊசியாகப் போடுவதா, ரத்தக்குழாயில் ஏற்றுவதா என்று பார்த்த ஆய்வு இந்த விதியின்கீழ் நடந்து 2012-இல் வெளியானது. அப்போது மிச்சிகனுக்குச் சென்றிருந்த பார்சனும் சின்சினாட்டியின் ஆர்தர் பான்சியோலியும் அதில் பங்கேற்றார்கள். ஆம்புலன்ஸில் மருந்துப் பெட்டியைத் திறந்த கணமே கடிகாரம் ஓடத் தொடங்கும். பணியாளர் சொல்வதைக் கருவி பதிவு செய்யும். 893 நோயாளிகள். ரத்தக்குழாயில் ஏற்றிய மருந்து உள்ளே சென்றபின் விரைவாக வேலை செய்தது. ஆனால் துடிக்கும் கையில் குழாயைக் கண்டுபிடித்து ஊசி செருகவே நேரம் போயிற்று. தசையில் போட்ட ஊசியில் அந்தத் தாமதம் இல்லை. மருத்துவமனை சேர்வதற்குள் வலிப்பு நின்றவர்கள் தசை ஊசியில் 73.4 விழுக்காடு, மற்றதில் 63.4. இப்படியொரு கேள்வி வார்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றியே இருக்காது.

இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். இந்தியாவில் அவசர மருத்துவத்துக்கு 2009-இல் மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரம் கிடைத்தது. எம்.டி. மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும் என்பது விதி. வழிகாட்டும் பேராசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: பழைய கேஸ் ஷீட்டுகளிலிருந்து தலைப்பை எடுத்துத் தராதீர்கள், ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் வாசலில் மாணவரை நிறுத்தி, அங்கே எழும் கேள்வியை எழுதச் சொல்லுங்கள்.