ஒடுக்க அமினேற்றம்: ஒடுக்கியின் தேர்வும் வினையின் நிறுத்தமும்

ஆல்டிஹைடு அல்லது கீட்டோன் ஒன்றை அமீனுடன் சேர்த்து, அதனால் உருவாகும் இமீனை ஹைட்ரைடு கொண்டு ஒடுக்கிப் புதிய அமீனைப் பெறுவதே ஒடுக்க அமினேற்றம். எஞ்சிய ஒடுக்கியை அழித்து வினையை நிறுத்தும் வேலை செய்முறைக் குறிப்புகளில் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் எந்த ஒடுக்கி என்று முடிவாகும்போதே நிறுத்தும் வழியும் முடிவாகிவிடுவதால், அதைத் திட்டமிடலின் முதற்கட்டத்திலேயே வைத்து எண்ண வேண்டும்.

1971இல் ரிச்சர்ட் போர்ச்சும் அவருடைய குழுவினரும் இவ்வினைக்கென விரிவாக ஆராய்ந்த சோடியம் சயனோபோரோஹைட்ரைடில், சயனோ தொகுதி எலக்ட்ரான்களைத் தன்பால் இழுப்பதால் ஹைட்ரைடை ஈயும் வேகம் தணிகிறது. பிஎச் 6–7 அளவில் அது புரோட்டானேற்ற இமீனாகிய இமினியம் அயனியையே விரைந்து ஒடுக்கும்; பிஎச் 3–4க்கு இறங்கினால் ஆல்டிஹைடையும் கீட்டோனையும் நேரடியாகவே ஒடுக்கத் தொடங்கும். அமிலத்தன்மையைத் தவிர, சேர்க்கும் வரிசையும் ஒரு கடிவாளம். பென்சால்டிஹைடும் மெத்திலமீனும் வினைபுரிந்து தரும் ஈரிணைய அமீன், மற்றொரு பென்சால்டிஹைடு மூலக்கூறுடன் இணைந்து மூவிணைய அமீனாகிவிடக்கூடும். மெத்தனாலில் இமீனை முழுமையாக உருவாக்கிய பின்னரே சோடியம் போரோஹைட்ரைடைச் சேர்த்தால், ஈரிணைய அமீன் தோன்றும் வேளையில் அதனுடன் சேர ஆல்டிஹைடு மிஞ்சியிருக்காது.

எஞ்சிய ஹைட்ரைடை அமிலம் ஊற்றி அழிக்கும் வழக்கம் சயனோபோரோஹைட்ரைடுக்குப் பொருந்தாது. வலிய அமிலத்தில் அது சிதைந்து, உயிரைப் பறிக்கும் ஹைட்ரஜன் சயனைடு வாயுவை வெளிவிடும். ஆகவே கலவையைக் காரமாக்கி, அமீனைக் கரிமக் கரைப்பானில் முழுவதும் பிரித்தெடுத்த பின், நீர்ப்பகுதியைக் காரநிலையிலேயே வைத்து ஹைப்போகுளோரைட்டால் சயனைடை அழிக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது, ஏனெனில் ஹைப்போகுளோரைட்டு அமீனைத் தொட்டால் குளோரமீன்கள் உண்டாகும். அப்தெல்-மகீதும் குழுவினரும் 1996இல் விரிவாக நிலைநாட்டிய சோடியம் டிரைஅசிட்டாக்சிபோரோஹைட்ரைடில் சயனைடே இல்லை. செறிவுற்ற சோடியம் பைகார்பனேட் கரைசலைச் சிறிது சிறிதாக, நுரை அடங்க அடங்கச் சேர்த்தால் போதும். கொள்கலன் பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் பொங்கி வழியும் என்பதை முன்பே எண்ணிப் பார்ப்பது நல்லது.

மற்ற ஒடுக்க வினைகளில் மிஞ்சிய ஹைட்ரைடை அழிக்க அசிட்டோன் ஊற்றுவது சாதாரணம். இங்கோ அசிட்டோனும் ஒரு கீட்டோன். மென்னமிலச் சூழலில் சயனோபோரோஹைட்ரைடோ டிரைஅசிட்டாக்சிபோரோஹைட்ரைடோ உயிர்ப்புடன் இருக்கையில் அதைச் சேர்த்தால், எஞ்சிய ஓரிணைய அமீனிலோ விளைபொருளிலோ ஐசோபுரோப்பைல் தொகுதி ஏறிவிட வாய்ப்புண்டு. நிறுத்துவதற்கென்று ஊற்றியதே அதே வினையை மீண்டும் தொடங்கிவைக்கும் இந்நிலை செய்முறைக் குறிப்புகளில் போதிய கவனம் பெறுவதில்லை.

ஹைட்ரைடு அழிந்தாலும் போரான் அமீனின் நைட்ரஜனைப் பற்றி அணைவாக நிற்கக்கூடும். அப்போது விளைச்சல் குறைந்ததுபோலத் தோன்றி, விளைபொருளுக்கு உரியவையல்லாத குறிகைகள் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் தெரியும். டிரைஅசிட்டாக்சிபோரோஹைட்ரைடு பயன்பட்ட இடத்தில் நீர்த்த அமிலத்துடன் கலக்கி அவ்வணைவை உடைக்கலாம். சயனோபோரோஹைட்ரைடு மிஞ்சியிருக்கக்கூடிய கலவையிலோ, சயனைடு முற்றிலும் நீங்கியது உறுதியாகும் வரை அந்த அமிலத்தை எடுக்கவே கூடாது.