சாம்பல் படம் போட்ட டி-ஷர்ட்

போன வாரம் பேசின எபிசோடோட எழுத்து வடிவம் இது. பேச்சுல வந்த இழுவை, திக்கல் எல்லாத்தையும் வெட்டிட்டேன். மத்தபடி அதேதான்.

முதல்ல ஒரு வாக்குமூலம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். வெள்ளிக்கிழமைன்னா எங்க ஆபீஸில் டி-ஷர்ட் போட்டுக்கலாம். நான் போட்டுக்கிட்டுப் போனது புர்ஸும் என்கிற நார்வே பேண்டோட டி-ஷர்ட். அதுல எரிஞ்சு முடிஞ்ச ஒரு மரக் கட்டடத்தோட எலும்புக்கூடு மாதிரி ஒரு படம் இருக்கும். எங்க டீமில் சீனியர் அக்கா ஒருத்தங்க. ஞாயிற்றுக்கிழமை ஆனா சர்ச் கொயரில் பாடுறவங்க. சாப்பிடும்போது கேட்டாங்க: "என்னப்பா இது, தீப்பிடிச்ச வீடா?"

"ஒண்ணுமில்லக்கா, ஒரு ஆல்பம் கவர்."

அது வீடு இல்ல, சர்ச்சுன்னு எனக்குத் தெரியும். சொல்லல. அன்னைக்கு வரைக்கும் யார் கேட்டாலும் "எனக்கு மியூசிக் மட்டும்தான் முக்கியம், ஆளைப் பத்திக் கவலையில்ல"ன்னு பெருமையா சொல்லிக்கிட்டிருந்தவன் நான். அந்த அக்கா முன்னாடி அதைச் சொல்ல வாய் வரல. ஏன் வரலைங்கிறதுதான் இந்த எபிசோட்.

அந்தக் கட்டடம்

நார்வேயின் பெர்கன் நகரத்தில், ஃபான்டாஃப்ட் என்ற இடத்தில் இருந்த தேவாலயம் அது. முழுக்க மரம். 12-ஆம் நூற்றாண்டில் ஃபோர்ட்டுன் என்ற கிராமத்தில் கட்டப்பட்டது. 1883-இல் அதைப் பிரித்து எடுத்துவந்து பெர்கனில் மறுபடி நிறுத்தினார்கள். இந்த மாதிரி இடைக்கால மரத் தேவாலயங்கள் ஒரு காலத்தில் நார்வே முழுக்க நூற்றுக்கணக்கில் இருந்தன. இன்று மிஞ்சியிருப்பவை 28 மட்டுமே. ஃபான்டாஃப்ட் தேவாலயம் 1992 ஜூன் 6 அதிகாலையில் எரிந்தது. இன்று அங்கே நிற்பது பிறகு புதிதாகக் கட்டிய நகல்.

அந்தச் சாம்பலின் படத்தை 1993-இல் தன் ரெக்கார்டின் அட்டையில் போட்டவர் வர்க் விகர்னெஸ். புர்ஸும் என்றால் ஏதோ பெரிய பேண்ட் என்று நினைக்காதீங்க, அவர் ஒருத்தர்தான் அது. அந்தப் பெயரே டோல்கீன் தன் கதைகளுக்காக உருவாக்கிய மொழியிலிருந்து எடுத்தது. இருள் என்று அர்த்தம். ரெக்கார்டின் பெயர் ஆஸ்கே, அதாவது சாம்பல். முதலில் வந்த பிரதிகளோடு ஒரு சிகரெட் லைட்டரும் கொடுத்தார்கள். ஆமா, லைட்டர்.

அதை வெளியிட்டவர் ஒய்ஸ்டைன் ஆர்செத். மேஹெம் பேண்டின் கிட்டாரிஸ்ட், யூரானிமஸ் என்ற பெயரில் அறியப்பட்டவர். ஆஸ்லோவில் அவர் நடத்திய ரெக்கார்டு கடைக்குப் பெயர் ஹெல்வெட்டே. நரகம்! ஆரம்பகால நார்வே பிளாக் மெட்டல் பசங்க கூடிய இடம் அது. 1993 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, அதே ஆர்செத்தை அவருடைய குடியிருப்பில் வைத்துக் கத்தியால் குத்திக் கொன்றார் விகர்னெஸ். அப்போது அவருக்கு வயது 20.

1994 மே மாதம் தீர்ப்பு வந்தது. கொலையோடு, மூன்று தேவாலயங்களுக்குத் தீ வைத்தது, நான்காவதற்குத் தீ வைக்க முயன்றது ஆகிய குற்றங்களும் உறுதியாயின. ஃபான்டாஃப்ட் தீ தொடர்பாக மட்டும் அவர் தண்டிக்கப்படவில்லை. மொத்தம் 21 வருடச் சிறை. அன்றைய நார்வேயில் அதற்கு மேல் தண்டனையே கிடையாது.

"பாட்டு முதல்ல, அரசியல் அப்புறம்"

புர்ஸும் ரசிகர்கள் சொல்லும் முதல் வாதம் இது. நானும் நிறைய தடவை சொல்லியிருக்கேன். அவருடைய முக்கியமான ஆல்பங்கள் எல்லாம் 1992, 93-இல் பதிவானவை. இனவெறி பேசியதும் எழுதியதும் சிறைக்குப் போன பிறகுதான். அதனால பாட்டு சுத்தம்.

இதில் பாதி உண்மை இருக்கு. ஃபிலோசோஃபெம் ஆல்பத்தையே எடுத்துக்குவோம். 1993-இல் பதிவாகி, அவர் சிறையில் இருக்கும்போது 1996-இல் வெளிவந்தது. கிட்டாரை சாதாரண வீட்டு ஸ்டீரியோவின் ஆம்ப்ளிஃபயரில் சொருகினார். இருப்பதிலேயே மோசமான மைக் வேணும்னு கேட்டு, ஒரு ஹெட்செட் மைக்கில் பாடினார். விளைவு, மழை பெய்யும்போது தகரக் கூரைக்கு அடியில் நின்னு தூரத்து அழுகையைக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். அதே நாலு ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும். கடைசிப் பக்கத்தில் 25 நிமிஷம் வெறும் சிந்தசைஸர். அந்த ஆல்பத்தில் இனத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. ஹாஸ்டலில் செமஸ்டர் அரியர் வைத்த ராத்திரிகளில் எனக்குத் துணையா இருந்தது அதுதான். அதை நான் பொய்யாக்க விரும்பல.

மீதிப் பாதி இருக்கே, அது சங்கடம். அந்தப் பாட்டுகள் பதிவான அதே மாதங்களில்தான் தீ வைப்பும் நடந்துகொண்டிருந்தது. லைட்டர் கொடுத்தது 1993-இல். 1994-இல் டார்க்த்ரோன் என்ற பேண்டின் டிரான்சில்வேனியன் ஹங்கர் ஆல்பம் வந்தபோது, பின்னட்டையில் "நார்வே ஆரிய பிளாக் மெட்டல்" என்று அச்சிட்டிருந்தார்கள். அதில் பாதிப் பாடல்களுக்கு வரிகள் எழுதியவர் விகர்னெஸ். அந்த வாசகம் பிற்பாடு வந்த பதிப்புகளில் நீக்கப்பட்டது. டார்க்த்ரோனின் ஃபென்ரிஸ் பின்னாளில் அதற்காக வருத்தம் தெரிவித்தார். ஆக, "அப்புறம்" என்பது நாம நினைக்கிற அளவுக்கு அப்புறம் இல்ல.

விகர்னெஸ் 2009-இல் பரோலில் வெளியே வந்தார். பிரான்ஸுக்குக் குடிபோனார். யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் எதிராக வெறுப்பைத் தூண்டினார் என்று 2014-இல் பாரிஸ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. ஆறு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை, 8000 யூரோ அபராதம். இளமைத் திமிர்னு தள்ள முடியாது. அப்போது அவருக்கு வயது 41.

எங்க தொழிலில் ஒரு கதை

இதைப் பத்தி ஆபீஸ் நண்பன்கிட்ட பேசினப்போ அவன் ஒரே வார்த்தையில் மடக்கினான்: "மச்சி, ரைசர்எஃப்எஸ்."

தெரியாதவங்களுக்கு: ஹான்ஸ் ரைசர் என்ற புரோகிராமர் எழுதிய, லினக்ஸில் ஒரு காலத்தில் பிரபலமாக இருந்த ஃபைல் சிஸ்டம் அது. 2008-இல், மனைவியைக் கொன்றதாக ரைசருக்குத் தண்டனை கிடைத்தது. கோடை அதற்காக யாரும் அடுத்த நாளே தூக்கி எறியல. பல வருஷம் கெர்னலிலேயே இருந்தது. கடைசியில் பராமரிக்க ஆளில்லாமல், பழசாகிப்போனதால்தான் நீக்கினார்கள். "ஹார்ட் டிஸ்க்குக்கு யார் கொலைகாரன்னு தெரியாது. காதுக்கும் அப்படித்தான்" என்றான்.

ரெண்டு நாள் இதை யோசிச்சேன். உதாரணம் நல்லாதான் இருக்கு. ஆனா ஒரு இடத்தில் உடையுது. ரைசர்எஃப்எஸ் பயன்படுத்தினவங்க யாரும் அந்தக் கொலையை ஒரு கெத்தா காட்டல. அதைப் படமா போட்டு டி-ஷர்ட் விக்கல. பிளாக் மெட்டலில் நடந்தது வேற. சத்தம் ஒரு பக்கம், அந்தக் கதை இன்னொரு பக்கம். எங்களை மாதிரி பசங்களை உள்ளே இழுத்தது முக்கால்வாசி அந்தக் கதைதான். "இவங்க நிஜமாவே சர்ச்சை எரிச்சவங்கடா!" என்று ஹாஸ்டலில் எனக்கு ஒருத்தன் சொன்னான். அடுத்த வருஷம் ஜூனியருக்கு நான் சொன்னேன். கேட்கும்போது கண் விரியும்.

அதனால இப்போ எனக்குத் தோணுறது இதுதான்: சத்தத்தை ஆளிடமிருந்து பிரிக்கலாம். அந்தச் சத்தம் அவர் ஒருத்தர் கண்டுபிடிச்சதும் இல்ல. பிளாக் மெட்டல் என்ற பெயரையே தந்தது 1982-இல் வந்த இங்கிலாந்து பேண்ட் வெனமின் ஆல்பம். ஸ்வீடனின் பாதரி, சுவிட்சர்லாந்தின் செல்டிக் ஃப்ராஸ்ட் எல்லாரும் போட்ட பாதை அது. பிரிக்க முடியாதது டி-ஷர்ட்டை. அதில் சத்தமே இல்ல, தீ மட்டும்தான் இருக்கு. "எனக்கு மியூசிக் மட்டும்தான்" என்று சொன்ன நான், மியூசிக் இல்லாத பகுதியைத்தான் நெஞ்சில் மாட்டிக்கிட்டு அலைஞ்சேன்.

கதையில் பெயரில்லாதவர்

அந்தக் கதையை எல்லாரும் எப்படிச் சொல்றாங்கன்னு கவனிங்க. புத்தகம், சினிமா, யூடியூப் எதுவானாலும் ரெண்டு ஹீரோக்கள்: யூரானிமஸ், வர்க். ஆனா அதற்கு ஒரு வருடம் முன்பே இன்னொரு கொலை நடந்தது. 1992 ஆகஸ்டில் லில்லெஹாமர் நகரத்தில், தன்பாலின ஈர்ப்பாளரான ஒருவரை எம்பரர் பேண்டின் டிரம்மர் ஃபாஸ்ட் குத்திக் கொன்றார். 1994-இல் அவருக்கு 14 வருடச் சிறை. தண்டனையை அனுபவித்து வெளியே வந்து, 2014-இல் எம்பரரின் ஆண்டுவிழாக் கச்சேரிகளில் மறுபடி டிரம்ஸ் வாசித்தார். சட்டப்படி அவர் கணக்கு முடிஞ்சது, அதில் எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா கூட்டம் கைதட்டினப்போ, இறந்தவர் எத்தனை பேர் நினைவில் இருந்திருப்பார்?

இதே இசையை வேற மாதிரி கையில் எடுத்தவங்களும் இருக்காங்க. சுவிஸ் அமெரிக்க இசைக்கலைஞர் மானுவல் கான்யூ, கறுப்பினத்தவர். எந்த ரெண்டு இசை வகையைக் கலக்கலாம்னு இணையத்தில் கேட்டார். ஒருத்தர் பிளாக் மெட்டல் என்றார். இன்னொருத்தர் கறுப்பினத்தவர் இசை என்பதை ஒரு கெட்ட வசைச்சொல்லோடு சொன்னார். அந்த வசையையே சவாலாக எடுத்து, அடிமைகளாக இருந்தவர்களின் பாடல் மரபையும் பிளாக் மெட்டலையும் சேர்த்து ஸீல் அண்ட் ஆர்டர் என்ற பேண்டை உருவாக்கினார். 2016-இல் வந்த டெவில் இஸ் ஃபைன் ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்க. சத்தத்துக்குச் சொந்தக்காரன் யாருமில்லங்கிறதுக்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்ல.

கடைசியா

இந்த எபிசோடுக்கு ஸ்கிரிப்ட் எழுதும்போது அந்த அக்காவுக்கு போன் போட்டேன். இப்போ வேற கம்பெனியில் இருக்காங்க. டி-ஷர்ட் விஷயத்தைச் சொன்னேன். அவங்களுக்கு ஞாபகமே இல்ல. முழுக் கதையும் கேட்டுட்டு, "சரி, அந்தப் பாட்டை அனுப்பு" என்றாங்க. ஃபிலோசோஃபெமில் ஒரு பாட்டை அனுப்பினேன். அரை மணி நேரம் கழிச்சு பதில் வந்தது: "சத்தம் தாங்கலப்பா. ஆனா ரொம்ப சோகமா இருக்கு." அடுத்த மெசேஜ்: "லில்லெஹாமர்ல செத்தாரே, அவர் பேர் என்ன?"

எனக்குத் தெரியல. மேஹெமில் எந்த வருஷம் யார் பேஸ் வாசிச்சாங்கன்னு தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். அந்தப் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிச்சேன். அக்காவுக்குச் சொன்னேன். எபிசோடில் சொல்லல, இன்னொரு ட்ரிவியாவா ஆக்க வேண்டாம்னுதான்.

டி-ஷர்ட் இப்போ பைக் துடைக்கிற துணி. ஃபிலோசோஃபெம் பழைய சிடி இன்னும் அலமாரியில் இருக்கு. கேட்கிறேன். ஸ்ட்ரீமிங்கில் போட்டு யாருக்கும் காசு சேர்க்கிறதில்ல. இது என் முடிவு, உங்க முடிவு வேற மாதிரி இருக்கலாம். இனிமே யாராவது ஜூனியர் பையன் அந்த பேண்டைப் பத்திக் கேட்டா மட்டும், கதையை லில்லெஹாமரிலிருந்து தொடங்குறதா இருக்கேன்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.