பணம் யார் கையிலிருந்து வருகிறது: ஐதராபாத்தின் இரண்டு கன்சல்டன்சிகள்

ஐதராபாத்தில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஊருக்குப் பேசும்போது "கன்சல்டன்சி மூலமா கிடைச்சுது" என்பார்கள். பெற்றோரும் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவார்கள். ஆனால் அந்த ஊரில் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இரண்டு வேறு தொழில்கள் நடக்கின்றன. ஒன்று வேலை தேடி வருகிறவரிடம் பணம் வாங்குவது. மற்றொன்று ஆள் தேடும் நிறுவனத்திடம் வாங்குவது. வசதிக்காக, அந்நகரின் இரண்டு பகுதிகளின் பெயரால், முதலாவதை அமீர்பேட் என்றும் இரண்டாவதை மாதாப்பூர் என்றும் அழைக்கிறேன். எல்லை அவ்வளவு சுத்தமானதல்ல. மாதாப்பூர் கண்ணாடிக் கட்டடத்துக்குள்ளேயே முதல் வகை கடை போட்டிருப்பதும் உண்டு.

ஐதராபாத்தில் இரண்டும் ஒரே காலத்தில் வளர்ந்தவை. 1998 நவம்பரில் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் என்ற ஐ.டி கட்டடத்தைப் பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தார். அப்போது ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு முதல்வர். 2000-ஆம் ஆண்டு கணினிச் சிக்கலைச் சரிசெய்ய உலகமே ஆள் தேடிய நேரம். அங்கே வேலை, இங்கே அமீர்பேட்டில் மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றிப் பயிற்சி நிலையங்கள். இன்றும் அந்தச் சந்துகளில் ஜாவா, டெஸ்டிங், கிளவுட் என்று சுவரெல்லாம் நோட்டீஸ். பக்கத்து எஸ்.ஆர். நகர் ஹாஸ்டல்களில் ஆந்திராவும் தெலங்கானாவும் மட்டுமல்ல, நம் வேலூரும் தருமபுரியும் தங்கியிருக்கும்.

அமீர்பேட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கல்லூரி நான்கு வருடத்தில் சொல்லித் தராததை, காலையில் பாடம் நடத்திவிட்டு அலுவலகம் போகிற ஒருவர் மூன்று மாதத்தில் சொல்லித் தருகிறார். கட்டணம் சில ஆயிரங்கள்தான். படித்தது கையோடு இருக்கும், கொடுத்த காசுக்குக் கணக்கும் இருக்கும். படிப்பை விற்றவர் அதே மேசையில் வேலையையும் விற்கத் தொடங்கும் இடத்தில்தான் சிக்கல்.

இதை "பேக்டோர்", அதாவது பின்வாசல், என்று அங்கே வெளிப்படையாகவே பேசிக்கொள்கிறார்கள். நடைமுறை பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் பதிவுக் கட்டணம் என்று சிறு தொகை. பிறகு பெயருக்கு ஒரு நேர்காணல். அடுத்து ஒன்றரை, இரண்டு லட்சம். பாதி முன்பணம், மீதி ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும். பணம் நிறுவனக் கணக்குக்குப் போகாமல் யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்கோ, ரொக்கமாகவோ போகும். சில இடங்களில் அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதன்பின் "டிரெய்னிங்", இரண்டு மூன்று மாதம் சம்பளமும் வரும். அந்தச் சம்பளம் பையன் கட்டிய பணத்திலிருந்தே வருவது. அப்புறம் ஒரு திங்கட்கிழமை அலுவலகம் பூட்டிக் கிடக்கும். மாதாப்பூர்ப் பகுதியைக் கவனிக்கும் சைபராபாத் போலீசுக்கு இது பழகிப்போன வழக்கு.

இன்னொரு சரக்கு பொய் அனுபவச் சான்றிதழ். மூன்று வருடம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்ததாகப் பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாம் தயார் செய்து தருவார்கள். ஆனால் 2014 முதல் வருங்கால வைப்பு நிதிச் சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் யூ.ஏ.என் என்ற ஒரே எண் உண்டு. எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது அதில் வரிசையாக நிற்கும். வருமான வரியின் படிவம் 26ஏஎஸ்-இல் யார் வரி பிடித்தார்கள் என்பதும் தெரியும். பின்னணி சரிபார்க்கும் நிறுவனங்கள் சந்தேகத்துக்குரிய கம்பெனிகளின் பட்டியலையே வைத்திருக்கின்றன. வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பிடிபட்டவரை அன்றே வெளியே அனுப்புவார்கள். சான்றிதழ் விற்றவருக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. அவர் காசு எப்போதோ கைமாறிவிட்டது.

வேலை தேடுகிறவரிடம் காசு வாங்குவதில் உள்ள கேடு இதுதான். வேலை நிலைக்க வேண்டிய அவசியம் இடைத்தரகருக்கு இல்லை. நிலைக்காவிட்டால் அவருக்கு மறுபடியும் வியாபாரம். இது அமீர்பேட் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் 1909-இல் மரம் வெட்டும் தொழிலாளிகள் தலைக்கு ஒரு டாலர் கொடுத்து வேலைத் தரகர்களிடம் சீட்டு வாங்கினார்கள். தரகரும் முகாம் மேஸ்திரியும் அந்த டாலரைப் பங்கு போட்டுக்கொண்டு, சில நாளில் ஆளை விரட்டிவிட்டு அடுத்தவரை ஏற்றினார்கள். தொழிலாளர் சங்கத்தினர் தெருமுனையில் நின்று இதைப் பேசி, நூற்றுக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். 1914-இல் வாஷிங்டன் மாநில மக்கள் வாக்களித்து அந்தக் கட்டணத்தையே தடை செய்தார்கள். 1917-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது.

இனி மாதாப்பூர். இந்தத் தொழிலுக்கு இந்தியாவில் வயது அதிகம்: ஏபிசி கன்சல்டன்ட்ஸ் 1969-இல் தொடங்கியது, சென்னையில் பின்னாளில் அமைச்சரான கே. பாண்டியராஜன் 1992-இல் மாஃபா நிறுவனத்தைத் தொடங்கினார். 1997-இல் நௌக்ரி இணையதளம் வந்தபின் ஒரு கணினியும் போனும் உள்ள எவரும் இதில் இறங்க முடிந்தது. கன்சல்டன்ட் நௌக்ரியின் ரெஸ்டெக்ஸ் என்ற ரெஸ்யூமே கிடங்குக்குச் சந்தா கட்டி, "ஜாவா, ஐந்து வருடம், ஐதராபாத்" என்று தட்டுகிறார். அண்மையில் ப்ரொஃபைலைப் புதுப்பித்தவர்களை அவரால் தனியே பிரித்து எடுக்க முடியும். தினமும் காலையில் ரெஸ்யூமேயில் ஒரு சொல்லை மாற்றிச் சேமிக்கிறவர்களின் ரகசியம் அதுதான். பிறகு போன் வரும். கரண்ட் சி.டி.சி (இப்போதைய ஆண்டுச் சம்பளம்) எவ்வளவு, எக்ஸ்பெக்டட் எவ்வளவு, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை உங்கள் படிப்போ விருப்பமோ அவர் காதில் ஏறாது.

அவருக்குக் கிடைப்பது வழக்கமாக ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். நிறுவனம் தருகிறது, உங்களிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. சேர்ந்தவர் 90 நாளுக்குள் விலகினால் வேறு ஆளைக் கொடுக்க வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். ஆகவே புது வேலையில் முதல் மூன்று மாதம் "எப்படி இருக்கீங்க சார், செட் ஆயிட்டீங்களா?" என்று அக்கறையாகப் போன் வரும். தொண்ணூறு நாள் தாண்டியதும் அநேகமாக நின்றுவிடும். அந்த அக்கறை கணக்கிலிருந்து வந்தது என்றாலும் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அமீர்பேட் கடைக்காரருக்கு நீங்கள் தொண்ணூறாவது நாள் அந்த வேலையில் இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

அதற்காக மாதாப்பூர்க்காரர் நம் ஆள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு லட்சத்துக்கு உங்களைச் சேர்த்தால் அவருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம். நீங்கள் பேசிப் பேசி பதின்மூன்று லட்சம் ஆக்கினால் உங்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் கூடும், அவருக்குக் கூடுவது 8,330 ரூபாய். அந்த எட்டாயிரத்துக்காக ஒரு லட்சத்தைப் பணயம் வைக்க அவர் துணிய மாட்டார். "நல்ல ஆஃபர் சார், அக்செப்ட் பண்ணிடுங்க" என்பார். சம்பளப் பேச்சை இவரிடம் முழுதாக ஒப்படைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வேலை இருக்குமிடத்தை அறிய அவர் நல்ல துணை. இந்த வேலை உங்களுக்கு ஏற்றதா என்று கேட்க வேண்டிய ஆள் அவர் அல்ல.

அந்தக் கேள்விக்கென்றே ஒரு துறை உண்டு. 1908-இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். உன்னை அறி, தொழில்களை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்பதே அவர் முறை. அவர் வேலையை விற்கவில்லை. இன்று ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் நல்ல ஆலோசகர்கள் அந்த வழி வந்தவர்கள். வேலை தேடுகிறவர் கொடுக்கும் பணமெல்லாம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. படிப்புக்குக் கொடுக்கலாம், ஆலோசனைக்குக் கொடுக்கலாம். வேலைக்குக் கொடுக்கக் கூடாது.

கொடுத்து ஏமாந்தவர் எங்கே போவார்? காவல் நிலையம்தான், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 420, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 318. ஆனால் பின்வாசல் வழியே நுழையக் காசு கொடுத்தேன் என்று எழுதிக் கொடுக்க எத்தனை பிள்ளைகளுக்குத் தைரியம் வரும்? பொய் அனுபவம் வாங்கியவருக்குத் தானும் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். கடைக்காரர் அந்தப் பயத்தை நன்றாக அறிந்தவர்.

தெலங்கானாவின் கரீம்நகரிலிருந்து துபாய்க்குப் போகிற தொழிலாளிக்கு ஒரு சட்டம் காவல் நிற்கிறது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி ஆள் அனுப்பும் முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். சேவைக் கட்டணம் ரூ.30,000-மும் ஜி.எஸ்.டி-யும், அதற்கு மேல் வாங்கினால் குற்றம். மீறல்கள் நிறையவே நடக்கின்றன, ஆனாலும் கேட்க ஒரு அதிகாரியும் காட்ட ஒரு விதியும் இருக்கின்றன. வேலூரிலிருந்து அமீர்பேட்டுக்குப் போகிற பட்டதாரிக்கு அதுவும் கிடையாது. தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்னும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டின் 181-ஆவது உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. பிரிட்டனில் 1973-லேயே அந்தக் கட்டணத்துக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. மாநில அரசால் முடியாத காரியமும் அல்ல: வீட்டு வேலைக்கென்று பெண்கள் கடத்தப்படுவதைத் தடுக்க சத்தீஸ்கர் 2013-இல் தனியார் வேலைவாய்ப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் போட்டது. தெலங்கானா அதைப் போல ஒன்றைக் கொண்டுவந்து, உள்நாட்டு வேலைக்குத் தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை ஒரே வரியில் தடை செய்யலாம். தமிழ்நாடும் கேட்க வேண்டும். அமீர்பேட்டில் லட்சங்களை எண்ணிக் கொடுக்கும் தகப்பன்களில் நம் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள்.