மதிய உரையும் மதியச் சோறும்

ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வி, உடல்நலத் துறை ஆசிரியர்களுக்கு மதிய இடைவேளையில் ஆய்வுரை. சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். அன்றைய பொருள் பள்ளிச் சோறு. 1920இல் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் தொடங்கியது, 1956இல் காமராசர் ஆட்சியில் விரிந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கியது – எல்லாம் சொன்னார்கள். எடை, உயரம், வருகை எல்லாவற்றுக்கும் கணக்கிருந்தது. சாதிக்குக் கணக்கில்லை.

"சமைக்கிறது யாரு? அதைத் திங்கமாட்டேங்கிறது யாரு?" என்று எழுந்து கேட்டேன். நேரமாகிவிட்டது என்றார்கள்.

2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், பள்ளியில் தலித் பெண் சமைக்கக்கூடாதென்று சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். அது ஆய்வுக்குரிய செய்தி இல்லையா? இலத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எங்க அம்மா, தான் படிச்ச பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்றுதான் சொல்லும்: "சோறு போட்டாவ. எங்க உக்கார வச்சுப் போட்டாவன்னு கேளுல."

பள்ளியில் தனிச் சாக்கில் உட்கார்ந்தவர், பியூன் ஊற்றினாலொழியத் தண்ணீர் கிடைக்காதவர் அம்பேத்கர். அவர்தான் 1916 மே 9 அன்று நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வரங்கில் சாதி பற்றிய தன் கட்டுரையைத் தானே வாசித்தார். நம்மைப் பற்றி நாமே பேசிய வரலாறு நமக்கு உண்டு. மதிய உரைக்கு இனி அடுப்படியிலிருந்து ஆள் வரட்டும்.